பெட்டிக்குப் பெயர் வைத்த கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "கவிதை ஏகப்பட்டது வந்திருக்கு சார். ஹாஸ்டல் நினைவுகள் அதைவிட அதிகம். நீங்க உங்க தொழில் சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். என் தொழில் எக்ஸெல் கணக்குத் தாள்களுக்கு மேக்ரோ எழுதுவது. அதைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று தயங்கினேன். ஆனால் நம் முன்னாள் மாணவர்களில் பாதிப் பேர் ஏதோ ஓர் அலுவலகத்தில் எக்ஸெலோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளும் நாளைக்கு அங்கேதான் வரப்போகிறார்கள். ஆகவே ஒரு சின்ன விஷயத்தின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திரையில் இருக்கும் ஒரு பெட்டியை புரோகிராம் எப்படிக் கூப்பிடுகிறது? முக்கியமாக, அந்தப் பெட்டியின் பெயரே ஒரு வேரியபிளுக்குள் இருந்தால் எப்படிக் கூப்பிடுவது?

இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் வேண்டாம், வகுப்பறை போதும். ஆசிரியர் ஒரு மாணவனை மூன்று விதமாக எழுப்பலாம். "முருகேசா, எழுந்திரு" என்று நேரே பெயர் சொல்வது ஒன்று. "மூணாவது பெஞ்சுல ரெண்டாவது ஆள்" என்று இடத்தைச் சொல்வது இன்னொன்று. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்து, அந்த வரியில் என்ன பெயர் இருக்கிறதோ அதைப் படிப்பது மூன்றாவது. மூன்றாவது வழியில் ஆசிரியருக்கு முருகேசனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புது ஆசிரியர் வந்தாலும் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார். இரண்டாவது வழியில் ஓர் ஆபத்து உண்டு. பெஞ்சில் யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் வேறு ஒருவன் எழுந்து நிற்பான்! நான் சொல்லப்போகும் வரலாறு முழுக்க இந்த மூன்று வழிகளுக்குள் அடங்கிவிடும்.

நான் கணிதம் படித்து முடித்தது 1989இல். அந்தக் காலத்தில் வேலை வேண்டுமென்றால் ஒரு தனியார் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் சேர வேண்டும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போனால், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டி-பேஸ் என்று மூன்று தெய்வங்கள்! லோட்டஸ் 1-2-3 வெளிவந்தது 1983 ஜனவரியில். அதற்கு முன்னோடி 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக உருவாக்கிய விசிகால்க்.

லோட்டஸில் மேக்ரோ என்பது தனியான மொழியாக ஆரம்பிக்கவில்லை. நாம் விசைப்பலகையில் எந்தெந்த விசையை அழுத்துவோமோ அதை அப்படியே எழுத்தாக ஒரு செல்லில் எழுதி வைப்போம். அந்த செல்லுக்கு ஒரு பின்சாய்வுக் கோடும் ஓர் எழுத்தும் பெயராக வைத்துவிட்டால், ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டியதும் மேக்ரோ ஓடும். புரோகிராமே செல்லில் இருக்கும் எழுத்துதான் என்பதால் 1985இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு தந்திரம் சாத்தியமானது. மேக்ரோ வரி இருக்க வேண்டிய செல்லில் ஒரு ஃபார்முலாவை வைத்து, போக வேண்டிய இடத்தின் பெயரை ஓடும்போதே ஒட்டவைத்துக்கொள்ளலாம். அதே பதிப்பில் @@ என்று ஒரு செயல்கூறும் வந்தது. ஒரு செல்லில் எழுதியிருக்கும் முகவரியைப் படித்து, அந்த முகவரியில் இருப்பதைக் கொண்டுவந்து தரும். எக்ஸெலில் இன்று 'இண்டைரெக்ட்' என்று நாம் பயன்படுத்துவது அதன் உறவுதான்.

டி-பேஸ் கதை இன்னும் சுவாரசியமானது. டி-பேஸ் த்ரீ பிளஸில் அர்ரே கிடையாது. ஐந்து பாடத்தின் மார்க்கை வைக்க வேண்டுமென்றால் எம்1, எம்2, எம்3 என்று ஐந்து தனித்தனி வேரியபிள்தான். லூப் போட்டு எப்படி நிரப்புவது? அங்கேதான் '&' என்ற குறி காப்பாற்றும். அதற்கு மேக்ரோ பதிலீடு என்று பெயர். ஐ என்ற வேரியபிளில் "3" என்ற எழுத்து இருந்தால், எம்&ஐ என்று எழுதியதும் அது எம்3 ஆக மாறிவிடும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, "என்ன சார், மந்திரம் மாதிரி இருக்கு!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. மந்திரமே இல்லை. டி-பேஸ் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதுதான் படித்துப் பார்க்கும். படிக்கும் முன்னால் குறியைத் தூக்கிவிட்டு எழுத்தை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தோடுதான் எங்கள் தலைமுறை எக்ஸெலுக்குள் நுழைந்தது. அங்கே இடி விழுந்தது.

எக்ஸெல் 1985இல் மேக்கின்டாஷுக்கு வந்தது, 1987இல் விண்டோஸுக்கு. முதல் சில பதிப்புகளில் மேக்ரோவுக்கென்று தனித் தாள், அதில் ஃபார்முலா மாதிரியே கட்டளைகள். 1993இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் வி.பி.ஏ. என்ற விஷுவல் பேசிக் உள்ளே குடியேறியது. அந்த மொழியின் பூர்விகம் 1964 மே 1 விடியற்காலையில் டார்ட்மத் கல்லூரியில் முதன்முதலாக ஓடிய பேசிக். ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பதற்காக உருவாக்கியது. (கணிதத் துறைக்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை!)

எக்ஸெல் 5இல் படிவம் வரைவதற்கு 'டயலாக் ஷீட்' என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு பெட்டியை வரைந்தால் எக்ஸெலே அதற்கு 'எடிட் பாக்ஸ் 4' என்கிற மாதிரி ஒரு பெயர் வைக்கும். நடுவில் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். இடைவெளி உள்ள பெயரை புரோகிராமில் நேரடியாக எழுத முடியாது. ஆகவே எடிட்பாக்ஸஸ்("எடிட் பாக்ஸ் 4") என்று மேற்கோள் குறிக்குள்தான் எழுதியாக வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருப்பது வெறும் எழுத்துச் சரம். சரத்தை ஒட்டலாம், வெட்டலாம், வேரியபிளில் வைக்கலாம். அதாவது ரிஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிடும் வழி, யாரும் கேட்காமலே முதல் நாளிலிருந்து கையில் இருந்தது.

அதிலும் ஒரு வேடிக்கை. இந்தப் பெயர்களை எக்ஸெல் தன் சொந்த மொழியில் வைக்கும். ஆங்கில எக்ஸெலில் 'பட்டன் 1' என்று பிறக்கும் பொத்தான், ஜெர்மன் எக்ஸெலில் 'ஷால்ட்ஃபிளேஷெ 1' என்று பிறக்கும். சென்னையில் இருந்துகொண்டு ஜெர்மனிக்கு மேக்ரோ எழுதி அனுப்பினால் அங்கே பொத்தானைக் காணோம் என்று சொல்லும். எக்ஸெல் வைத்த பெயரை நம்பாதே, பெட்டிக்கு நீயே பெயர் வை என்பதை அந்தக் காலத்துக்காரர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

எக்ஸெல் 97இல் 'யூசர்ஃபார்ம்' வந்தது. இங்கே பெயர் டெக்ஸ்ட்பாக்ஸ்1 என்று இடைவெளி இல்லாமல் பிறந்தது. அதனால் பெயரை நேரே புரோகிராமில் எழுதலாம், புள்ளி வைத்து டெக்ஸ்ட் என்று சேர்த்தால் உள்ளே இருப்பது கிடைக்கும். அழகுதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. நாற்பது பெட்டி இருந்தால் நாற்பது வரி எழுத வேண்டுமா? டி-பேஸ் பழக்கத்தில் வந்தவன் என்ன செய்வான்? ஒரு வேரியபிளில் "டெக்ஸ்ட்பாக்ஸ்" & ஐ என்று ஒட்டிவைத்து, அந்த வேரியபிளுக்குப் பின்னால் புள்ளி வைத்து டெக்ஸ்ட் என்று எழுதுவான். உடனே 'இன்வாலிட் குவாலிஃபையர்' என்று திட்டு விழும்.

ஏன் திட்டுகிறது? வேரியபிளுக்குள் இருப்பது பெட்டி அல்ல, பெட்டியின் பெயர். ரேஷன் கார்டில் 'முருகேசன்' என்று எழுதியிருக்கலாம், ஆனால் ரேஷன் கார்டு எழுந்து நின்று பதில் சொல்லாது. வி.பி.ஏ., டி-பேஸ் மாதிரி வரிக்கு வரி ஒட்டிப் படிக்கும் ஜாதி இல்லை. புரோகிராமை முதலிலேயே மொழிபெயர்த்துவிடும். அப்போது டெக்ஸ்ட்பாக்ஸ்1 என்று நேரடியாக எழுதிய பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பது முடிவாகிவிடும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தை அது எட்டிக்கூடப் பார்க்காது.

அதற்கு விடை, படிவத்தின் 'கண்ட்ரோல்ஸ்' என்ற தொகுப்பு. கண்ட்ரோல்ஸ்("டெக்ஸ்ட்பாக்ஸ்" & ஐ) என்று எழுதினால், படிவம் தன் ரிஜிஸ்டரைத் திறந்து அந்தப் பெயருள்ள பெட்டியைத் தேடிக் கையில் கொடுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள அப்போது பலர் பல ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

1991இல் வந்த விஷுவல் பேசிக்கில் பழகியவர்களுக்கு வேறு வருத்தம். அங்கே 'கண்ட்ரோல் அர்ரே' என்று ஒரு வசதி இருந்தது. ஒரே பெயரில் பல பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் ஒரே பெயர் வைத்து பெரியவன், நடுவுளவன், சின்னவன் என்று கூப்பிடுகிற மாதிரி. வி.பி.ஏ. யூசர்ஃபார்முக்கு அந்தச் சொத்தில் பங்கு கிடைக்கவில்லை. 2002இல் வந்த டாட் நெட் பதிப்பிலும் அது கைவிடப்பட்டது.

சரி, பெயர் வழி வேண்டாம், பெஞ்சு வழியில் போகலாமே, முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி என்று எண்ணிக்கொண்டே போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2003-04 கல்வியாண்டு. ஒரு கல்லூரி. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், நம்முடையது இல்லை. இன்டர்னல் மார்க் பதிவதற்கு ஒருவர் எக்ஸெலில் படிவம் செய்து கொடுத்திருந்தார். வகுப்புக்கு நாற்பது பெட்டி. 'சேவ்' பொத்தானை அமுக்கினால், படிவத்தில் உள்ள டெக்ஸ்ட் பாக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, ரோல் நம்பர் ஒன்று முதல் வரிசையாகத் தாளில் எழுதும். திறக்கும்போது அதே வரிசையில் தாளிலிருந்து எடுத்துப் பெட்டிகளில் நிரப்பும். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது.

ஒரு நாள் ஒரு மாணவி துறைக்கு வந்து நின்றாள். ரோல் நம்பர் 28. நோட்டீஸ் போர்டில் அவள் பெயருக்கு எதிரே 'ஆப்சென்ட்' என்று இருந்தது. "நான் டெஸ்ட் எழுதினேன் மேடம். பேப்பர்கூடத் திருப்பி வாங்கிட்டேன். 21 போட்டிருக்கீங்க" என்று விடைத்தாளை எடுத்து நீட்டினாள். மேடம் படிவத்தைத் திறந்து பார்த்தார். 28ஆம் பெட்டியில் 21 என்று சரியாக இருந்தது! பிரிண்ட் எடுத்தால் ஆப்சென்ட். மறுபடியும் திறந்தால் 21. "கம்ப்யூட்டர்ல கரெக்டாத்தானே இருக்கு, போம்மா, சரியாயிடும்" என்று இரண்டு நாள் போனது. அந்தப் பெண் விடவில்லை. ஹெச்.ஓ.டி. வரை போனாள். அதன் பிறகுதான், அங்கே வேலை பார்த்த என் வகுப்புத் தோழன் ஒருவன் மூலமாக எனக்குத் தகவல் வந்தது.

நான் போய்ப் பார்த்தேன். விஷயம் இதுதான். அந்த ஆண்டு படிவத்தின் தலைப்பை மாற்றுவதற்காக யாரோ அதை டிசைனில் திறந்திருக்கிறார்கள். கை தவறி 17ஆம் பெட்டி அழிந்திருக்கிறது. அவரும் பொறுப்பாக, அதே இடத்தில், அதே அளவில், அதே பெயரில் ஒரு புதுப் பெட்டியை வரைந்து வைத்துவிட்டார். கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் படிவம் தன் பெட்டிகளை எண்ணுவது நாம் பார்க்கும் வரிசையில் அல்ல, வந்து சேர்ந்த வரிசையில். புதிதாக வந்த 17, கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டது. 18ஆம் பெட்டியின் மார்க் 17ஆம் மாணவனுக்கு, 19ஆம் பெட்டியின் மார்க் 18ஆம் மாணவனுக்கு என்று நகர்ந்து நகர்ந்து, 17ஆம் பெட்டியின் மார்க் 40ஆம் மாணவனுக்குப் போய்ச் சேர்ந்தது. டெஸ்டுக்கு வராதது 29. ஆப்சென்ட் விழுந்தது 28க்கு. திரும்பத் திறக்கும்போதும் அதே தவறான வரிசையில் நிரப்புவதால், போன வழியே திரும்பி வந்து எல்லாம் சரியான பெட்டியில் உட்கார்ந்துவிடும். படிவத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம்.

பாதிக்கப்பட்டவர்கள் மொத்தம் 24 பேர். கேட்க வந்தது ஒருத்தி. ரோல் நம்பர் 33க்கு 24 மார்க் விழுந்திருந்தது. அவனுடைய உண்மையான மார்க் 9. அவன் வாயே திறக்கவில்லை!

லூப்பை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. பெட்டிகளின் பெயர்கள் ஏற்கெனவே ஒழுங்காக மார்க்1 முதல் மார்க்40 வரை இருந்தன. கண்ட்ரோல்ஸ்("மார்க்" & ஐ) என்று ஒரே வரி. பிறகு விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லி 40 மார்க்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பட்டியல் போவதற்கு முந்தின நாள் அது.

பெட்டியை அழித்தவரைப் பலர் அன்றைக்குத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கை தவறுவது மனித இயல்பு. கை தவறினால் அடுத்தவன் மார்க் மாறும்படி எழுதப்பட்ட புரோகிராம்தான் குற்றவாளி. பெயர் சொல்லித் தேடும் புரோகிராமில் அந்தப் பெயரில் பெட்டி இல்லையென்றால், குறிப்பிட்ட பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். எண்ணிக்கொண்டு போகிற புரோகிராம் நிற்காது, சிரித்துக்கொண்டே தப்பாக எழுதிவிட்டுப் போகும். நின்றுபோகிற புரோகிராமை அலுவலகங்களில் யாருக்கும் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெயர் வழியிலும் பள்ளம் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் தம்பிகள் என்னை நம்பி விழுந்துவிடுவார்கள். நேரடியாகப் பெயரை எழுதினால், எழுத்துப் பிழையை மொழிபெயர்க்கும்போதே பிடித்துவிடும். சரமாக எழுதினால் ஓடி அந்த வரிக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆகவே மூன்று பெட்டி உள்ள படிவத்துக்கு இந்த வித்தை தேவையில்லை, நேரே எழுதிவிட்டுப் போங்கள்.

இன்னொரு பள்ளம் ஆழமானது. இந்தத் தொகுப்புகள் எல்லாம் அடைப்புக்குறிக்குள் சரம் கொடுத்தால் பெயர் என்றும், எண் கொடுத்தால் வரிசை என்றும் எடுத்துக்கொள்ளும். தாளுக்கு '2024' என்று ஆண்டைப் பெயராக வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயரை ஒரு செல்லிலிருந்து எடுத்து வேரியபிளில் வைக்கிறீர்கள். செல்லில் இருப்பது எண். எக்ஸெல் இரண்டாயிரத்து இருபத்து நாலாவது தாளைத் தேடும்! இல்லையென்று நின்றால் பிழைத்தோம். தாள்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்து, யாராவது வரிசையை மாற்றியிருந்தால் சத்தமில்லாமல் வேறு தாளில் எழுதிவிடும். 'சி-ஸ்டர்' என்ற செயல்கூறால் எண்ணைச் சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். தவிர, பெயரை வெறும் எண்ணில் ஆரம்பிக்காமல் முன்னால் ஏதாவது எழுத்து சேர்ப்பது நல்லது. டெக்ஸ்ட் பாக்ஸுக்கு டி.எக்ஸ்.டி. என்று முன்னொட்டு வைக்கும் பழக்கம் சார்லஸ் சிமோனி என்பவரின் முறையிலிருந்து கிளைத்தது. அவர் ஹங்கேரியில் பிறந்தவர், மைக்ரோசாஃப்டில் எக்ஸெலுக்கு முந்தைய மல்டிபிளான் வேலையில் இருந்தவர். அவர் ஊரைக் குறித்து அதற்கு ஹங்கேரியன் முறை என்றே பெயர். நமக்கு இது புதிதா என்ன? இனிஷியலை முன்னால் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள்தானே நாம்!

கடைசியாகத் தமிழுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. விண்டோஸ் 2000 முதல் தமிழ் யூனிகோடில் வந்தது. எக்ஸெல் செல்லில் தமிழ் ஜம்மென்று உட்காரும். தாளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் வி.பி.ஏ. எழுதும் ஜன்னல் மட்டும் இன்றுவரை யூனிகோடுக்கு மாறவில்லை. அங்கே "கணிதம்" என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் நிற்கும். "வணிகவியல்" என்றாலும் கேள்விக்குறிகளே.

அப்படியானால் 'கணிதம்' என்ற தாளை மேக்ரோ எப்படிக் கூப்பிடும்? நேரே பெயர் சொல்லும் வழி நமக்கு அடைபட்டுவிட்டது. 'ஏ' என்ற எழுத்தை எண்ணால் சொல்வது போல, 2949 என்றால் 'அ' என்று ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுத்துக் கட்டலாம், கை வலிக்கும். எனக்குத் தெரிந்த சுலபமான வழி ரிஜிஸ்டர் வழிதான். ஒரு தாளில் துறைகளின் பெயர்களைத் தமிழில் பட்டியலாக எழுதிவைத்துவிட்டு, மேக்ரோவை அந்த செல்லைப் படித்து, படித்த பெயரிலேயே தாளைத் தேடச் சொல்வேன். வேரியபிளுக்குள் தமிழ் பத்திரமாக இருக்கும். திரையில் கேள்விக்குறி தெரிந்தாலும் உள்ளே இருப்பது கெடாது.

சில வருஷம் முன்பு ஒரு கல்லூரிக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். பதினோரு துறை, பதினோரு தாள். அடுத்த ஆண்டே அங்கே 'கணிப்பொறியியல்' என்பதைக் 'கணினி அறிவியல்' என்று மாற்றினார்கள். போனில் கேட்ட அலுவலக உதவியாளரிடம் தாளின் பெயரையும் பட்டியலில் அந்த ஒரு செல்லையும் மாற்றச் சொன்னேன். "வேற எங்கயும் மாத்த வேண்டாமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன்.

(பி.எஸ்ஸி. கணிதம், 1986–89 அணி)